எரிமலையைப் பார்க்கச் செல்வோம், வெல்லச் செல்ல வேண்டாம்

காரைக்காலிலும் புதுச்சேரியிலும் வேர்கொண்டு இன்று பிரான்சில் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்கு, இந்துமாக்கடலிலுள்ள ரீயூனியன் தீவு அயல்நாடன்று. 1946ஆம் ஆண்டு முதல் அது பிரான்சின் மாவட்டங்களுள் ஒன்று. பாரிஸில் விமானம் ஏறினால் ஏறத்தாழ 11 மணி நேரத்தில் அங்கே இறங்கிவிடலாம். எனவே பள்ளி விடுமுறையில் பிள்ளைகளுடன் அங்கே செல்லும் வழக்கம் நம்மவரிடையே உண்டு. சென்றவர்கள் தவறாமல் பணம் கட்டும் ஒன்று, ஜீப்பில் வழிகாட்டியுடன் எரிமலைப் பகுதியைச் சுற்றிவரும் ஒருநாள் பயணம்.

இந்தப் பயணத்தை நான் குறைகூற வரவில்லை. செல்லத்தக்க பயணம் என்பதே என் கருத்து. பூமியில் பயணம் செய்து படைப்பின் தொடக்கத்தை உற்றுநோக்குமாறு திருக்குர்ஆன் ஏவுகிறது. நிலம் எப்படி உருவாகிறது என்பதைக் கண்முன் காணக்கூடிய இடங்கள் உலகில் மிகச் சில. ஆனால் இத்தகைய பயணங்கள் விற்கப்படும் மொழி என்னை உறுத்துகிறது. மலையை அடக்குதல், எரிமலையை வெல்லுதல், எல்லை மீறுதல் ஆகிய சொற்களே விளம்பரங்களில் மிகுந்துள்ளன. நம் பிள்ளைகள் அம்மொழியை அப்படியே உள்வாங்கிக்கொள்கிறார்கள். அதனால் கெடுபவை மூன்று: அந்த மண், அந்த நாளின் தொழுகை, அங்கே வாழும் மக்கள்மீது நமக்கு இருக்கவேண்டிய மரியாதை.

முதலில் பயணத்தைச் சொல்லிவிடுகிறேன். வண்டி விடியற்காலையிலேயே கடற்கரையிலிருந்து புறப்படும். வழிகாட்டி அவசரப்படுத்துவதற்குக் காரணம் உண்டு. காலை 10 மணியளவில் மேகம் எழுந்து மலையை மூடிவிடுவது அங்கே வழக்கம். ஃபஜ்ரைத் தொழுதுவிட்டு ஆயத்தமாக நிற்பவர்களுக்கு இது எளிது. கரும்புத் தோட்டங்களைக் கடந்து, மாடுகள் மேயும் பசும் மேட்டுநிலத்தில் ஏறி, பூர்-முரா என்ற சிற்றூரை அடைந்தால், அங்கிருந்து எரிமலைச் சாலை பிரிகிறது. எரிமலையைக் கண்காணிக்கும் ஆய்வகமும் அதைப் பற்றிய அருங்காட்சியகமும் அவ்வூரில்தான் உள்ளன. குழந்தைகளுடன் செல்வோர் அருங்காட்சியகத்தைத் தவறவிட வேண்டாம்.

மேலே செல்லச் செல்ல மரம் குறுகிப் புதராகிறது, புதர் குறுகிப் பாசியாகிறது. நே-தெ-பெஃப் என்ற முனையில் வண்டி நிற்கும். காலடியில் ஏறத்தாழ 1,000 மீட்டர் ஆழத்தில் ரெம்பார் ஆற்றின் பள்ளத்தாக்கு. அடுத்துக் கொம்மெர்சோன் எரிமலைவாய். 2007 பிப்ரவரியில் ஒரு புயலின்போது 72 மணி நேரத்தில் 3,930 மில்லிமீட்டர் மழை பதிவாகி உலக சாதனை ஆனது இவ்விடத்தில்தான். சென்னையில் ஓர் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை சராசரியாக 1,400 மில்லிமீட்டர் அளவே என்பதை நினைத்துப் பாருங்கள். பிறகு சாலை ஒரு விளிம்பை அடைய, கீழே புல்லும் மரமும் இல்லாத, செம்மையும் கருமையும் கலந்த ஒரு வெளி விரிகிறது. ப்ளேன் தெ சாப்ல், அதாவது மணல்வெளி, என்பது அதன் பெயர். உண்மையில் அது மணல் அன்று. எரிமலை கக்கிய கற்சிதறல்கள். தார்ச்சாலை அங்கே முடிந்து குண்டும் குழியுமான மண்தடம் தொடங்குகிறது. பின்னிருக்கையில் அமர்ந்தவர்கள் முன்னிருக்கையை இறுகப் பற்றிக்கொள்ளும் நேரம் இது. முதுகுவலி உள்ள உம்மம்மாவை முன்னிருக்கையில் அமர்த்துங்கள். கர்ப்பிணிப் பெண்கள் இப்பகுதியைத் தவிர்ப்பதே நலம்.

தடம் முடியும் இடம் பா தெ பெல்கோம்ப், உயரம் 2,311 மீட்டர். எதிரே பித்தோன் தெ லா ஃபூர்னேஸ், 2,632 மீட்டர். உலகில் அடிக்கடி பொங்கும் எரிமலைகளுள் இதுவும் ஒன்று. 17ஆம் நூற்றாண்டு முதல் 150 முறைக்கு மேல் பொங்கியுள்ளது. இதன் குழம்பு பெரும்பாலும் வெடித்துச் சிதறாமல், பிளவுகளின் வழியே பெருகி வழிந்தோடும். ஆளில்லாத ஆன்க்லோ என்ற பெரும் பள்ளத்துக்குள்ளேயே பெரும்பாலும் அடங்கிவிடும். அதனால்தான் இத்தனை சீற்றம் கொண்ட மலையின் அடிவாரத்தில் மக்கள் வாழ முடிகிறது. ஜூன், ஜூலை மாதங்களில் இங்கே கடுங்குளிர், அதிகாலையில் உறைபனியும் உண்டு. வெப்பமண்டலத் தீவுதானே என்று மெல்லிய ஆடையுடன் வருவோர் நடுங்கிப்போவார்கள்.

இனி மண்ணைப் பற்றி. ஜீப்பைத் தடத்திலிருந்து இறக்கி, கருமணலில் வட்டமடித்துப் புழுதி கிளப்பும் காணொளிகளைச் சமூக வலைத்தளங்களில் நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். 'பாதையற்ற பயணம்' என்ற பெயரைக் கேட்டதும் பிள்ளைகள் எதிர்பார்ப்பது அதைத்தான். ஆனால் பிரான்சில் 1991ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொதுப் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்ட வழிகளுக்கு வெளியே இயற்கை நிலத்தில் மோட்டார் வண்டி ஓட்டுவது குற்றம். தீவின் ஐந்தில் இரண்டு பங்கு நிலம் தேசியப் பூங்காவின் மையப்பகுதி. 2010 முதல் அது யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலிலும் உள்ளது. ஆக, கரடுமுரடான தடத்தில் செல்வதுதான் இந்தப் பயணம். தடத்தை விட்டுச் செல்வது அன்று.

இச்சட்டம் வெறும் கெடுபிடியன்று. குழம்பு ஆறிக் கல்லானதும் அதன்மேல் முதலில் குடியேறுவது சாம்பல் நிறக் கற்பாசி. அது கல்லைப் பற்றிக்கொண்ட பிறகு பெரணிச் செடி வரும், பிறகு புதர், நெடுங்காலம் கழித்து மரம். ஒரு தலைமுறையில் முடியும் வேலையன்று இது. அதைச் சிதைக்க ஒரு சக்கரத்துக்கு ஒரு நொடி போதும்.

நம்மவருக்கு இது புதிய பாடமாக இருக்கக்கூடாது. உம்ரா, ஹஜ் சென்றவர்கள் மதீனாவைச் சுற்றிலும் கருங்கற்கள் இறைந்து கிடக்கும் வெளிகளைக் கண்டிருப்பார்கள். அவை எரிமலைக் குழம்பு ஆறிய நிலங்களே. அரபியர் அவற்றை ஹர்ரா என்றும் லாபா என்றும் அழைப்பர். நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் இரு லாபாக்களுக்கு இடைப்பட்ட நிலத்தைப் புனித எல்லையாக அறிவித்து, அங்கே மரம் வெட்டுவதையும் வேட்டையாடுவதையும் தடுத்தார்கள் என்பது ஹதீஸ் நூல்களில் உறுதியாகப் பதிவாகியுள்ளது. (ஹனஃபி மத்ஹபில் இதன் சட்டநிலை குறித்து வேறு விளக்கம் உண்டு. நான் அதனுள் இங்கே நுழையவில்லை.) கருங்கல் வெளிகளை எல்லையாகக் கொண்ட ஒரு நிலத்தின் மரத்தையும் மிருகத்தையும் காக்கச் சொன்ன தூதரின் உம்மத், இன்னொரு கருங்கல் வெளியில் வண்டியை ஏற்றி விளையாடுவது எப்படிப் பொருந்தும்?

வழிகாட்டியின் சொல்லுக்குக் கட்டுப்படுவதும் இதனோடு சேர்ந்ததே. "நாங்கள்தானே பணம் கட்டினோம், சற்று அங்கே இறக்கிவிடுங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம்" என்று வற்புறுத்தும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஹிஜ்ரத்தின்போது நபி (ஸல்) அவர்களும் அபூபக்ர் (ரலி) அவர்களும் அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்பவரைக் கூலிக்கு அமர்த்தி, அவர் காட்டிய வழியில் மதீனா சென்றார்கள். அவர் அப்போது முஸ்லிம் அல்லர். ஆனால் வழி அறிந்தவர், நம்பிக்கைக்குரியவர். இறைத்தூதரே வழியறிந்தவரின் சொல்லை ஏற்று நடந்திருக்க, நாம் ஜீப் ஓட்டுநரிடம் வாதிடுவது அழகன்று.

தொழுகைக்கு வருவோம். இப்பயணங்களில் அதிகம் பறிபோவது இதுதான். வேண்டுமென்று விடுபவர் சிலரே. "வழியில் எங்கே நிறுத்தச் சொல்வது, வழிகாட்டி என்ன நினைப்பார்" என்ற கூச்சத்தில் விடுபவர்களே மிகுதி. முன்கூட்டியே ஏற்பாடு செய்தால் இது மிக எளிது. ஜூன் மாதத்தில் ரீயூனியனில் ஏறத்தாழ 12.20க்கு லுஹர் நேரம் நுழைகிறது. ஷாஃபிஈ மத்ஹபின்படி அஸர் 3.20 அளவில், ஹனஃபி மத்ஹபின்படி 4 மணிக்குச் சற்றுப் பின். மஃக்ரிப் 5.45 அளவில். எனவே மதிய உணவுக்கு வண்டி நிற்கும்போது லுஹரைத் தொழுதுவிடலாம். பயணிக்குரிய நிபந்தனைகள் பொருந்துமானால், ஷாஃபிஈகள் அப்போதே அஸரையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபிகள் இப்படிச் சேர்ப்பதில்லை. ஆயினும் அவர்களுடைய அஸர் நேரம் நுழையும்போது வண்டி பெரும்பாலும் கீழே இறங்கிக்கொண்டிருக்கும். பத்து நிமிட நிறுத்தம் ஒன்றே தேவை.

பயணிக்குரிய நிபந்தனைகள் பொருந்துமா என்பதைக் கவனிக்க வேண்டும். தங்குமிடத்தில் நுழையும் நாளும் வெளியேறும் நாளும் நீங்கலாக நான்கு நாட்கள் தங்க எண்ணினால், ஷாஃபிஈ மத்ஹபில் அவர் பயணி அல்லர். ஹனஃபி மத்ஹபில் இந்த வரம்பு 15 நாட்கள். விடுமுறைக்குச் செல்வோர் பலர் இரண்டு வாரம் ஒரே வீட்டை வாடகைக்கு எடுக்கிறார்கள். அவர்களில் ஷாஃபிஈகளுக்கு அந்த ஒருநாள் பயணத்தின் ஒருவழித் தூரமே கணக்கு. கஸ்ருக்குரிய தூரம் 80 கிலோமீட்டருக்குச் சற்று மேல் என்பது நம் ஆலிம்கள் பலரின் கணக்கு. தீவின் நீளமே 70 கிலோமீட்டர் அளவுதான். ஆனால் கணக்கில் வருவது சாலையின் தூரம், காகம் பறக்கும் தூரமன்று. தலைநகர் சென்-தெனியிலிருந்து எரிமலைக்குச் செல்லும் வளைந்த சாலை அந்த அளவைக் கடக்கும். தெற்கிலுள்ள சென்-பியேரிலிருந்து செல்வோருக்குக் கடக்காது. ஒரே வண்டியில் அமர்ந்த இரு குடும்பங்களுக்கு இரு சட்டம் வரலாம். புறப்படும் முன் உங்கள் ஆலிமிடம் தங்குமிடத்தையும் நாட்களையும் சொல்லித் தெளிவு பெறுங்கள்.

உளூவுக்கு மேலே தண்ணீர் கிடைக்குமா என்று கலங்க வேண்டாம். ஒரு முத்து அளவு தண்ணீரில், அதாவது முக்கால் லிட்டருக்கும் குறைவான நீரில், நபி (ஸல்) அவர்கள் உளூ செய்துள்ளார்கள். ஆளுக்கு ஒரு லிட்டர் போத்தல் கூடுதலாக எடுத்துச் சென்றால் போதும். வண்டியில் தண்ணீர் இருக்கும்போது, குளிராக இருக்கிறது என்பதற்காக மட்டும் தயம்மும் செய்ய முடியாது. உண்மையிலேயே தண்ணீர் இல்லாமலோ, பயன்படுத்தினால் தீங்கு நேரும் நிலையிலோ இருப்பவருக்கு ஒரு நுட்பம் உண்டு. ஹனஃபி மத்ஹபில் பூமியின் இனத்தைச் சேர்ந்த எதிலும், வெறும் கல்லிலும் கூட, தயம்மும் கூடும். ஷாஃபிஈ மத்ஹபில் புழுதியுள்ள மண் வேண்டும். மழையில் கழுவப்பட்ட எரிமலைக் கல்லில் அது கிடைக்காது. கிப்லா அங்கே மேற்கன்று. வடக்கிலிருந்து சற்று மேற்கே சாய்ந்த திசை. ஊர் வழக்கத்தில் மேற்கு நோக்கித் தக்பீர் கட்டிவிடுவோர் உண்டு. போகும் முன்பே பிள்ளைகளிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்து, மக்கா எங்கே, இத்தீவு எங்கே என்று கோடு போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தொழும் இடம் தடத்தின் ஓரமோ வண்டி நிறுத்துமிடமோ ஆகட்டும். தொழுகைக்கென்றாலும் பாசியின்மேல் விரிப்பைப் போட வேண்டியதில்லை.

உணவு பற்றிச் சில வரிகள். குஜராத்திலிருந்து வணிகர்களாக வந்த முஸ்லிம்கள் இத்தீவில் நூறாண்டுக்கு மேலாக வாழ்கின்றனர். சென்-தெனியிலுள்ள நூருல் இஸ்லாம் பள்ளிவாசல் 1905இல் திறக்கப்பட்டது. எனவே ஹலால் இறைச்சிக் கடைகளுக்குப் பஞ்சமில்லை. சமோசாவோ தெருவெங்கும் கிடைக்கும், உள்ளே என்ன என்று கேட்டு வாங்குங்கள். ஆனால் சுற்றுலாவுடன் சேர்ந்த மதிய உணவில் பன்றியிறைச்சித் தொத்திறைச்சிக் குழம்பு வருவது வழக்கம். மீன் அல்லது பருப்பு வேண்டுமெனப் பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். இன்னொன்று: கூர்கூராக உடைந்து கிடக்கும் எரிமலைக் கல்லை அங்கே கிராத்தோன் என்பார்கள். பன்றித்தோல் வறுவலுக்கும் அதே பெயர்தான். வழிகாட்டி சொன்ன சொல்லை நினைவில் வைத்துக் கடையில் போய்க் கேட்டுவிடாதீர்கள்!

திரும்பும் வழி சில பயணங்களில் தென்கிழக்குக் கடற்கரை வழியாக அமையும். அங்கே க்ரான் ப்ரூலே என்ற சரிவில் குழம்பு பலமுறை நெடுஞ்சாலையைக் கடந்து கடலில் விழுந்துள்ளது. 2007 ஏப்ரலில் மலையுச்சியின் பள்ளம் 300 மீட்டருக்கு மேல் உள்வாங்கி இடிந்தது. குழம்பு கடலுக்குள் புதுநிலத்தை உண்டாக்கியது. சற்று வடக்கே பித்தோன் சென்த்-ரோஸ் என்ற ஊர். 1977இல் குழம்பு வழக்கமான பள்ளத்துக்கு வெளியே வழிந்து வீடுகளை விழுங்கி, தேவாலயத்தின் வாயிலில் வந்து நின்றது. மக்கள் முன்பே வெளியேறியிருந்தனர்.

இவ்வகைச் செய்திகள் வரும்போதெல்லாம், "இது அல்லாஹ்வின் தண்டனை" என்ற தலைப்புடன் காணொளிகள் நம் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகின்றன. என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன்: குறிப்பிட்ட ஓர் ஊருக்கு நேர்ந்த துன்பத்தைத் தண்டனை என்று தீர்ப்பளிக்கும் அதிகாரம் வஹீ பெறாத நமக்கு இல்லை. ஹிஜ்ரி 654இல், கி.பி. 1256இல், மதீனாவுக்கு அருகிலேயே எரிமலை பொங்கி வாரக்கணக்கில் குழம்பு ஓடியது. மதீனாவாசிகள் மஸ்ஜிதுன் நபவியில் கூடி அழுது துஆ செய்ததை வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். அவர்கள் தங்கள் பாவங்களை நினைத்து அஞ்சினார்கள். அடுத்த ஊரின் பாவங்களைக் கணக்கெடுக்கவில்லை. நெருப்பைக் கண்டு நமக்கு மறுமை நினைவு வரட்டும், அது ஈமானுக்கு நல்லது. வீடிழந்தவரின் ஊரில் நின்றுகொண்டு பிள்ளைகளிடம் "இவர்கள் செய்ததன் விளைவு" என்று சொல்லாதீர்கள். அந்த மலை வழியவிட்ட குழம்பு ஆறித்தான் அவர்கள் கரும்பு நடும் மண்ணே உண்டானது.

அந்தக் கரும்புக்கும் நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1848 டிசம்பரில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பிறகு, தோட்டங்களுக்குக் கூலியாட்களாகத் தமிழ்க் கரையிலிருந்து, புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாகவும், பல்லாயிரம் பேர் ஏற்றிச் செல்லப்பட்டனர். கறிவேப்பிலைக்கு அங்கே இன்றும் 'கலுப்பிலே' என்றுதான் பெயர். தீவின் நடுவே மஃபாத் என்ற பள்ளத்தாக்கு உள்ளது. அதற்கு இன்றுவரை சாலையில்லை. ஜீப்புகள் கலே ஆற்றின் படுகையில் கற்களின்மேல் ஏறி இறங்கி அதன் வாயில்வரை மட்டுமே செல்லும். தோட்டங்களிலிருந்து தப்பியோடிய அடிமைகள் ஒளிந்து வாழ்ந்த இடம் அது. அவர்களின் தலைவர் ஒருவரின் பெயரே அப்பள்ளத்தாக்கின் பெயர். கேளிக்கைக்காக நாம் ஏறும் மலையில் அவர்கள் உயிர் தப்புவதற்காக ஏறினார்கள். வழிகாட்டிகள் பலர் இதை விரிவாகச் சொல்லக்கூடியவர்கள். பாட்டுப் பெட்டியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

இதற்கெல்லாம் பணம் செலவழிப்பது வீண்விரயமாகாதா என்று பெரியவர்கள் சிலர் கேட்கிறார்கள். கடன் வாங்கிச் சென்றால் ஆகும். இல்லையேல், ஒரு கலியாணத்தில் மேடை அலங்காரத்துக்கு நாம் கொட்டுவதைப் பார்த்த பின்பு இக்கேள்வியை முதலில் அங்கே கேட்பதே முறை என்பேன்.

பதிவு செய்யும்போது வழிகாட்டியிடம் கேட்கவேண்டியது இன்னொன்று உண்டு. எரிமலை பொங்கும் அறிகுறி தென்பட்டால், மாவட்ட நிர்வாகம் ஆன்க்லோ பள்ளத்துக்கு இறங்கும் வாயிலை மூடிவிடும். அந்த நாளில் பயணம் ரத்தாகுமா, வேறு வழியில் செல்லுமா, பணம் திரும்புமா என்பதை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். மூடிய வாயிலைத் தாண்டிக் குதித்து உள்ளே செல்வோர் ஒவ்வொரு முறையும் இருக்கிறார்கள். அவர்களைப் பார்த்து உங்கள் மகன் "நாமும் போகலாமே வாப்பா" என்று கேட்டால், வாயிலுக்கு இப்பால் நின்றே பார்க்கலாம் என்று சொல்லுங்கள். மேகமில்லாத இரவில், பெருகும் குழம்பின் செந்நிறம் தொலைவிலிருந்தே தெரியும். கதகதப்பான ஆடையும் ஃபிளாஸ்கில் தேநீரும் எடுத்துச் செல்லுங்கள். இஷாவையும் அங்கேயே தொழுதுவிட்டு இறங்கலாம்.